ஒலிவாங்கியும் தூரமும்: கரிசல் நிலத்தின் ஒலிகளைப் பதிவதும் அளப்பதும்

விளாத்திகுளம் வட்டத்து நாகலாபுரமும், அதைச் சுற்றிக் கோவில்பட்டி, எட்டயபுரம், கழுகுமலை எனப் பரந்து கிடக்கும் கரிசல் பூமியும் மழைக்குப் பஞ்சப்பட்ட பகுதிகளே தவிர ஒலிக்குப் பஞ்சப்பட்டவை அல்ல. ஜமீன் கோடங்கிபட்டித் தேவராட்டத்தின் தேவதுந்துபி, கொடை விழாக்களின் நையாண்டி மேளம், வில்லுப்பாட்டு, ஒப்பாரி ஆகியவை ஒருபுறமும், நூற்பாலைகளின் ஓயாத இரைச்சல், தீப்பெட்டி ஆலை இயந்திரங்கள், சிவகாசி வெடிகள், கயத்தாற்றுக் காற்றாலைகள் ஆகியவை மறுபுறமுமாக இந்நிலத்தில் நெருங்கிக் கிடக்கின்றன. முன்னவற்றைப் பதிந்து பாதுகாக்க வேண்டும், பின்னவற்றை அளந்து கட்டுக்குள் வைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இராது. ஆனால் இவ்விரு வேலைகளுக்கும் கையில் கிடைத்த ஒரே மைக்கைப் பயன்படுத்துவதும், விலை கூடினால் உண்மையும் கூடும் என்று நம்புவதும் பரவலாக இருப்பதால், பதிவுகளில் பல இனிமையாக இருந்தும் உண்மையாக இருப்பதில்லை. அளவீடுகளில் பல எண்களாக இருந்தும் அளவாக இருப்பதில்லை.

ஒலிவாங்கியின் வரலாற்றில் நாகலாபுரத்துக்கும் ஓர் ஓரம் உண்டு. இவ்வூரில் வாழ்ந்த மதுரகவி பாஸ்கரதாஸ் மேடை நாடகங்களுக்கும் இசைத்தட்டுகளுக்கும் ஏராளமாகப் பாடல்கள் எழுதியவர். தமிழின் முதல் பேசும் படமாகிய 1931-ஆம் ஆண்டின் 'காளிதாஸ்' படத்திலும் அவருடைய பாடல்கள் இடம்பெற்றன. அவர் எழுதத் தொடங்கிய காலத்து இசைத்தட்டுப் பதிவில் ஒலிவாங்கி என்ற கருவியே இல்லை. பாடுபவர் ஒரு பெரிய கூம்பின் வாய்க்குள் உரக்கப் பாட, அந்தக் காற்றதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் வரி கீறியது. ஏறத்தாழ 250 முதல் 2,500 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்கள் மட்டுமே, அதாவது நொடிக்கு அத்தனை முறை அதிரும் ஒலிகள் மட்டுமே, அதில் ஓரளவு பதிந்தன. 1925-இல் மின்முறைப் பதிவு வந்து கூம்பின் இடத்தை ஒலிவாங்கி பிடித்த பிறகே ஆண்குரலின் அடித்தளமும் மெல்லிய மெய்யொலிகளின் கூர்மையும் தட்டுக்குள் நுழைந்தன. கடைசி வரிசையில் மண்ணில் அமர்ந்திருப்பவருக்கும் கேட்க வேண்டுமென்று உச்சக் கட்டையில் பாடிய நாடக நடிகர்களுக்கு இனி அவ்வாறு பாடத் தேவையில்லாமல் போனது, தமிழ்ப் பாட்டின் குரல்வளத்துக்கு ஆதாயமா இழப்பா என்பது தனியே விவாதிக்கத்தக்கது.

அந்த மாற்றத்தைச் சாத்தியமாக்கியது, அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய எட்வர்ட் வென்டே 1916-இல் உருவாக்கிய கண்டென்சர் ஒலிவாங்கி ஆகும். மிக மெல்லிய உலோகத் தகடு ஒன்று இன்னொரு தகட்டுக்கு முன்னால் நூலிழை இடைவெளியில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். காற்றழுத்தம் மாறும்போது முன்தகடு அசைய, இரண்டுக்கும் இடையிலான மின்தேக்கத் திறன் மாறி, அது மின்னழுத்த ஏற்ற இறக்கமாக வெளிப்படும். ஒலியை மின்சாரமாக்கும் வழிகளில் இதைவிட ஒழுங்காக நடந்துகொள்வது வேறில்லை என்பதால், நூறாண்டுக்குப் பிறகும் உலகின் ஏறக்குறைய எல்லா அளவீட்டு ஒலிவாங்கிகளும் அடிப்படையில் இந்த வகையினவாகவே உள்ளன. 1962-இல் பெல் ஆய்வகத்தின் கெர்ஹார்ட் செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் இருவரும் மின்னூட்டத்தைத் தன்னுள்ளேயே நிரந்தரமாகத் தேக்கி வைத்திருக்கும் எலெக்ட்ரெட் படலத்தைக் கொண்டு இதை மலிவாக்கினர்; சட்டையில் குத்தும் காலர் மைக் அந்த வழியில் பெருகியதே. கோயில் விழாக்களில் மைக்செட்காரர்கள் கொண்டுவரும் டைனமிக் மைக் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் ஒரு சிறு கம்பிச்சுருள் காந்தத்துக்குள் அசைந்து மின்சாரம் உண்டாக்குகிறது. கீழே விழுந்தாலும் எச்சில் பட்டாலும் புழுதி ஏறினாலும் தாங்கும் அதன் உழைப்பு பாராட்டத்தக்கது என்றாலும், அளவுக்கு அது ஆளன்று.

ஒலிவாங்கியைத் தேர்வு செய்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது அழுத்தத்தை உணர்கிறதா, அழுத்த வேறுபாட்டை உணர்கிறதா என்பதையே. மென்தகட்டின் முன்புறம் மட்டும் காற்றுக்குத் திறந்திருந்தால் அது அந்த இடத்தின் அழுத்தத்தை மட்டும் உணரும். ஒலி எத்திசையிலிருந்து வந்தாலும் ஏறக்குறைய ஒன்றாகவே ஏற்கும். இதனை எல்லாத்திசை ஒலிவாங்கி எனலாம். பின்புறத்திலும் துளைகள் விட்டு, முன்னும் பின்னுமான அழுத்தங்களின் வேறுபாட்டையும் உணரும்படி செய்தால் அது முன்னிருந்து வருவதை விரும்பி ஏற்று, பின்னிருந்து வருவதை ஒதுக்கும் திசை ஒலிவாங்கி ஆகிவிடும். மேடைகளில் காண்பவை பெரும்பாலும் இதய வடிவில் ஒலியேற்கும் இந்த வகையே.

திசை ஒலிவாங்கியின் குறை அருகில் போனால்தான் தெரியும். வாய்க்கு மிக அருகே, முன்துளைக்கும் பின்துளைக்கும் இடைப்பட்ட ஓரிரு சென்டிமீட்டர் தூரமே பெரிய அழுத்த வேறுபாட்டை உண்டாக்கிவிடுவதால், அதிர்வெண் தாழத் தாழ ஒலி பொய்யாக வீங்குகிறது. கணக்கிட்டால், இதய வடிவ ஒலிவாங்கி ஒன்று வாயிலிருந்து 5 சென்டிமீட்டரில் இருக்கும்போது 100 ஹெர்ட்ஸ் ஒலி 15 டெசிபெல் வரை மிகைப்படும். அதையே 30 சென்டிமீட்டருக்கு நகர்த்தினால் மிகை 3 டெசிபெல்லுக்கும் கீழே இறங்கிவிடும். ஆண்குரலின் அடிப்படை அதிர்வெண் 100 ஹெர்ட்ஸை ஒட்டியே இருப்பதால், மைக்கைக் கடித்துப் பேசும் அரசியல்வாதியின் குரலில் இல்லாத கம்பீரம் வந்து சேர்வதற்கு இதுவே காரணம். உலகெங்கும் பாடகர்கள் கையில் காணப்படும், 1966-இல் வெளிவந்த ஷூர் நிறுவனத்தின் எஸ்எம்58 மைக், இந்த வீக்கத்தை எதிர்பார்த்தே தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைத்தும், சொற்கள் தெளிவாகக் கேட்க வேண்டுமென்று சில ஆயிரம் ஹெர்ட்ஸ் பகுதியைச் சற்றே தூக்கியும் வடிவமைக்கப்பட்டது. மேடைக்கு அது நல்ல உபாயம். ஆனால் ஒரு மூதாட்டியின் தாலாட்டை உள்ளது உள்ளபடி பதிய வேண்டியவருக்கு இந்த ஒப்பனை வேண்டாதது.

இடைசெவலின் கி. ராஜநாராயணன் 1982-இல் கரிசல் வட்டார வழக்கு அகராதியைக் கொண்டுவந்தபோது அவருக்குக் கருவியாக இருந்தது காதும் பேனாவுமே. இன்று அதே வேலையைத் தொடர விரும்பும் மாணவருக்கு ஒலிப்பதிவும் கைவசம் உண்டு. அதன் பயன், லகர ளகர ழகரங்களை ஒரு சம்சாரி எவ்வாறு உச்சரிக்கிறார் என்பதைப் பிற்காலத்தில் வரைபடமாகவே ஆராய முடியும் என்பதில் இருக்கிறது. இவ்வொலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் அடையாளங்கள் பெரிதும் 1,500 ஹெர்ட்ஸுக்கும் 3,000 ஹெர்ட்ஸுக்கும் இடையில் அமைகின்றன. தானாக எதையாவது தூக்கியும் தாழ்த்தியும் தரும் ஒலிவாங்கி அந்த ஆராய்ச்சியின் அடிப்படையையே கெடுத்துவிடும். ஆகவே இவ்வேலைக்குச் சமநிலை மாறாத சிறிய எல்லாத்திசைக் கண்டென்சர் ஒலிவாங்கியே ஏற்றது. ஆட்டுக்குட்டியும் டீசல் எஞ்சினும் கத்திக்கொண்டிருக்கும் வீட்டுத் திண்ணையில் எல்லாத் திசையும் கேட்கும் மைக்கை வைத்தால் உருப்படுமா என்ற ஐயம் எழுவது நியாயமே. இதற்கும் கணக்கு உண்டு: சூழ்ந்துள்ள இரைச்சலை ஒதுக்குவதில், எல்லாத்திசை ஒலிவாங்கியைப் போல் 1.7 மடங்கு தூரத்தில் இதய வடிவ ஒலிவாங்கியை வைத்தால் இரண்டும் சமமாகும். அதாவது 25 சென்டிமீட்டரில் வைத்த திசை மைக்கும் 15 சென்டிமீட்டரில் வைத்த எல்லாத்திசை மைக்கும் சூழலிரைச்சலை ஒரே அளவில்தான் உள்ளே விடும். பின்னது குரலை வீங்கச் செய்யாது, பகர ஒலியின் காற்றடியிலும் மேல்காற்றிலும் குறைவாகவே இடறும். விலை கூடிய திசை மைக்கைத் தேடுவதைவிடப் பத்துச் சென்டிமீட்டர் நெருங்குவது மலிவான வழி.

காலர் மைக்கைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை போதும். நெஞ்சின் மேல் குத்தப்பட்ட மைக்குக்கு மார்புக்கூட்டின் அதிர்வு கூடுதலாகவும், முகவாய் மறைப்பதால் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி குறைவாகவும் கேட்கும். தொலைக்காட்சிக்கு இது பொருட்டில்லை. உச்சரிப்பு ஆய்வுக்கு வாயின் ஓரத்தில், மூச்சுக்காற்று நேரே படாதவாறு கன்னத்தை ஒட்டி வைக்கும் தலைமாட்டி மைக் மேல்.

குரலைவிடச் சிக்கலானது நாகஸ்வரம். கோவில்பட்டியில் வாழ்ந்து 1964-இல் மறைந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தால் இப்பகுதியின் காது அந்தக் கருவிக்கு நன்றாகவே பழகியது; ஆனால் ஒலிவாங்கி பழகவில்லை. எல்லா விரல்துளைகளும் மூடியிருக்கும்போது மட்டுமே ஒலி முழுவதும் அடிவாய்க் கூம்பாகிய அணசின் வழியாக வெளிவருகிறது. துளைகள் திறக்கத் திறக்க ஒலியின் பெரும்பகுதி குழலின் மேல்பகுதியிலிருந்தே கிளம்பிவிடும். அணசின் வாயில் மைக்கை நீட்டும் வழக்கத்தால் கீழ்ச்சுரங்கள் இடிப்பதும் மேல்சுரங்கள் மெலிவதுமாகக் கருவியின் சமநிலை குலைந்து, வாசித்தவருக்கே அடையாளம் தெரியாத நாகஸ்வரம் பதிவாகிறது. இங்கே நெருக்கம் என்பது கையளவு தூரத்தைக் குறிக்காது. கருவியின் நீளத்தையாவது தூரமாகக் கொள்ள வேண்டும். ஏறத்தாழ ஒரு மீட்டர் தள்ளி, குழலின் நடுப்பகுதியை நோக்கிச் சற்று உயரத்தில் வைக்கும் மைக் எல்லாத் துளைகளையும் ஒரே கணக்கில் கேட்கும். பக்கத்தில் தவில் இருந்தால் இந்த நெறியும் தடுமாறும். அப்போது இருவரையும் ஒருசேரக் கேட்கும் தூரத்துக்குப் போய்விடுவதே மரியாதை.

பதிவிலிருந்து அளவீட்டுக்கு வரும்போது ஒலிவாங்கியின் இயல்பே மாறுகிறது. மனிதக் காது கேட்கத் தொடங்கும் 20 மைக்ரோபாஸ்கல் அழுத்தத்தைச் சுழி டெசிபெல் என்று வைத்துக்கொண்டால், ஒரு பாஸ்கல் அழுத்தம் 94 டெசிபெல் ஆகிறது. டெசிபெல் மடக்கைக் கணக்கு என்பதால் 6 டெசிபெல் கூடினால் அழுத்தம் இரட்டிப்பாகும், 20 கூடினால் பத்து மடங்காகும். ஓர் ஒலிவாங்கி ஒரு பாஸ்கலுக்கு எத்தனை மில்லிவோல்ட் தருகிறது என்பது அதன் உணர்திறன். அளவீட்டுக்கென்றே செய்யப்படும் அரை அங்குல விட்டமுள்ள ஒலிவாங்கி பெரும்பாலும் 50 மில்லிவோல்ட் தரும். கால் அங்குல ஒலிவாங்கி 4 மில்லிவோல்ட் அளவிலேயே நிற்கும். தகடு பெரிதானால் மெல்லிய ஒலியும் கேட்கும், ஆனால் பேரொலியில் திணறும். சிறிதானால் பேரொலியைத் தாங்கும், ஆனால் தன் சொந்த மின்னிரைச்சலுக்குக் கீழே உள்ளதைக் கேட்காது. அரை அங்குலம் ஏறத்தாழ 15 டெசிபெல்லிலிருந்து 146 டெசிபெல் வரை ஆளக்கூடியது. கால் அங்குலம் 30-க்கு மேலே தொடங்கி 160-ஐத் தாண்டும். இரண்டில் எது மேலானது என்ற கேள்விக்கு விடையில்லை. எந்த ஒலிக்கு என்ற கேள்விக்கு மட்டுமே விடை உண்டு.

இதை நன்றாக விளக்கும் இடம் சிவகாசி. ஒரு வெடியின் ஒலி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில், துடிப்பு நிலையில் ஏ எடையிடலில் 125 டெசிபெல்லையோ, உச்ச அளவாகச் சி எடையிடலில் 145 டெசிபெல்லையோ தாண்டக் கூடாது என்று 1999-இல் நடுவண் அரசு விதி செய்தது. காது தாழ்ந்த அதிர்வெண்களை மந்தமாகக் கேட்பதைப் பின்பற்றி அவற்றைக் குறைத்துக் கணக்கிடுவது ஏ எடையிடல். ஏறத்தாழ எல்லா அதிர்வெண்களையும் அப்படியே எடுத்துக்கொள்வது சி எடையிடல். சரவெடியாக இருந்தால் அதில் கோத்துள்ள வெடிகளின் எண்ணிக்கையின் பத்தடி மடக்கையை ஐந்தால் பெருக்கி, வரும் டெசிபெல்லை ஒவ்வொரு வெடிக்குமான வரம்பிலிருந்து கழிக்க வேண்டும்: நூறு வாலாவுக்கு 10 டெசிபெல், ஆயிரம் வாலாவுக்கு 15 டெசிபெல். சோதனை நடக்கும் தரை குறைந்தது 5 மீட்டர் விட்டமுள்ள கெட்டியான சிமெண்டுத் தளமாகவோ அதற்கு நிகரானதாகவோ இருக்க வேண்டும் என்றும், வெடிக்கும் இடத்திலிருந்து 15 மீட்டர் வரை ஒலியை எதிரொலிக்கும் சுவர் எதுவும் இருக்கக் கூடாது என்றும் அதே விதி கூறுகிறது. உழுத கரிசல் மண் ஒலியை உறிஞ்சும், பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கரிசல் அதைச் சிதறடிக்கும். ஒரே வெடி இரு தரைகளில் இரு எண்களைத் தராமலிருக்கவே அந்தச் சிமெண்டுத் தளம்.

உச்ச அளவு 145 டெசிபெல் என்பது ஏறத்தாழ 356 பாஸ்கல். அரை அங்குல ஒலிவாங்கி இதைக் கேட்டால் 18 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் வெளியிட வேண்டும்; அதனுடன் இணைந்த சாதாரண முன்பெருக்கி அதற்குள்ளாகவே உச்சவரம்பைத் தொட்டு, அலையின் தலையை வெட்டிவிடும். வெட்டுப்பட்ட தலையைக் கருவி அறிவதில்லை. 140 என்றோ 141 என்றோ நம்பிக்கையுடன் காட்டும், வெடியும் விதிக்குள் அடங்கியதாகத் தேறிவிடும். கால் அங்குலத்தில் அதே வெடிக்கு ஒன்றரை வோல்ட்டே எழும், சங்கடம் இல்லை. தகட்டின் அகலமும் இங்கே பேசுகிறது. 12.7 மில்லிமீட்டர் தகட்டை ஒலி பக்கவாட்டில் கடக்க 37 மைக்ரோ நொடி ஆகும், கால் அங்குலத் தகட்டைக் கடக்க அதில் பாதி. வெடியின் முன்முனை செங்குத்தாக எழுவதால், அகலமான தகடு அதைச் சராசரிப்படுத்தி மழுக்கிவிடும். கைப்பேசியில் வெடிச்சத்தம் அளக்கும் செயலிகளின் நிலை இன்னும் பரிதாபம்: அதில் உள்ள நுண் ஒலிவாங்கிகள் பெரும்பாலும் 120 டெசிபெல்லை ஒட்டியே மூச்சடைத்துப் போகும். அதற்கும் முன்னதாக, பேச்சுக்காகச் செய்யப்பட்ட தானியங்கி ஒலியடக்கம் குறுக்கிட்டிருக்கும். தீபாவளி இரவில் கைப்பேசி காட்டும் எண்ணை வைத்துச் சண்டையிடுவது இரு தரப்புக்கும் வீண்.

நூற்பாலைக்குள் பிரச்சினை அளவிலன்று, திசையில். ரிங் பிரேம் எனப்படும் நூற்பு இயந்திரங்களின் வரிசைகளுக்கு நடுவே நிற்கும் தொழிலாளியின் காதுக்கு ஒலி சுவரிலும் கூரையிலும் மோதி எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. திறந்தவெளியில் ஒரே மூலத்தை நோக்கி நீட்டி அளப்பதற்கென்று திருத்தப்பட்ட ஒலிவாங்கி இங்கே உயர்ந்த அதிர்வெண்களைக் குறைத்துக் காட்டும்; ஆகவே எத்திசையிலும் ஒலி விழும் இடத்துக்கெனத் திருத்தப்பட்டதையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒலிவாங்கியை இயந்திரத்தின் மேல் சாய்த்து வைப்பதும் பயனற்றது. அறிய வேண்டியது தொழிலாளியின் காதில் விழுவது என்பதால், அவர் நிற்குமிடத்தில் தலையின் நடுக்கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் பக்கவாட்டில் வைப்பது முறை. 90 டெசிபெல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம், 95 என்றால் 4 மணி நேரம், 100 என்றால் 2 மணி நேரம் மட்டுமே அதில் நிற்கலாம் என்பது இந்தியத் தொழிற்சாலைகளில் வழங்கும் வரம்பு. ஐந்து டெசிபெல் தவறாக அளந்தால் ஒரு மனிதரின் பணிநேரத்தில் பாதியைத் தவறாகக் கணக்கிட்டதாகும். இயந்திரத்தின் ஒரு குறிப்பிட்ட உறுப்பின் சத்தத்தைத் தனியே அறிய மிக நெருங்கி அளக்க நேர்ந்தால் அளவுகோல் கட்டாயம் வேண்டும்: 10 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு சென்டிமீட்டர் பிசகினாலே ஏறக்குறைய ஒரு டெசிபெல் மாறிவிடும்.

ஆனி, ஆடி மாதங்களின் மேல்காற்று இப்பகுதியில் அளவீட்டுக்குப் பெரிய பகை. மென்தகட்டில் காற்று மோதுவதே ஓர் ஒலியாகப் பதிவாகும் என்பதால், பஞ்சு உறை இல்லாமல் வெளியில் அளப்பது கூடாது. காற்று நொடிக்கு 5 மீட்டரைத் தாண்டினால் உறை போட்டும் பொதுவான அளவீட்டை நிறுத்திவிடுவது வழக்கம். காற்றே மூலமான காற்றாலைச் சத்தத்துக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லாததால், அங்கே ஒலிவாங்கியைக் கம்பத்தில் ஏற்றாமல் தரையில் கிடத்திய வட்டப்பலகையின் மேல் படுக்க வைத்து, அரைக்கோள உறையால் மூடி அளக்கிறார்கள். தரையை ஒட்டிக் காற்று தணிந்திருப்பதும், பலகையின் எதிரொலி துல்லியமாக 6 டெசிபெல் என்று முன்கூட்டியே தெரிந்து கழிக்கக்கூடியதாக இருப்பதும் இதன் நுட்பம்.

பொது மக்களுக்கு மிகவும் தேவைப்படும் அளவீடு ஒலிபெருக்கி பற்றியது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்பது சராசரி வரம்பு. பொது இடத்தின் எல்லையில் ஒலிபெருக்கியின் அளவு, அப்பகுதிக்குரிய வரம்பைவிட 10 டெசிபெல் கூடுதலையோ 75 டெசிபெல்லையோ, இரண்டில் குறைந்ததைத் தாண்டக் கூடாது. இதற்கு ஆய்வகத் தரமான முதல் வகுப்புக் கருவி கட்டாயமில்லை. பன்னாட்டுத் தரத்தில் இரண்டாம் வகுப்பு எனச் சான்று பெற்ற அளவி ஊராட்சிக்குப் போதும். ஆனால் இரண்டாம் வகுப்பு 8,000 ஹெர்ட்ஸில் 5 டெசிபெல் வரை விலகலை அனுமதிப்பதால், சீறும் வால்வுகளையும் அழுத்தக்காற்றையும் அளக்க அதை நம்பக் கூடாது. சான்று எதுவும் இல்லாமல் டெசிபெல் மீட்டர் என்ற பெயரில் சில நூறு ரூபாய்க்கு விற்கப்படுபவை விளையாட்டுப் பொருள்களே.

எந்த ஒலிவாங்கியும் நாளடைவில் விலகும். நாற்பது டிகிரி வெயிலில் வண்டிக்குள் கிடந்தாலும், ஐப்பசி ஈரத்தில் உறையின்றி இருந்தாலும், கரிசல் புழுதி மென்தகட்டில் படிந்தாலும் அதன் உணர்திறன் மாறும். ஒலிவாங்கியின் மூக்கில் பொருத்தினால் 1,000 ஹெர்ட்ஸில் சரியாக 94 டெசிபெல் ஒலி எழுப்பும் காலிபிரேட்டர் என்ற சிறு கருவி இதற்காகவே இருக்கிறது; சில மாதிரிகள் 114 டெசிபெல்லையும் எழுப்பும். அதன் நம்பகம் சான்றுச் சங்கிலியாகப் புதுதில்லித் தேசிய இயற்பியல் ஆய்வகம் வரை செல்கிறது. கிராமியப் பாடல்களைப் பதிவோரும் இதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் வேண்டுகோள். பதிவின் தொடக்கத்தில் இந்த 94 டெசிபெல் ஒலியை அரை நிமிடம் பதிந்துவிட்டு, பெருக்கத்தின் குமிழை அதன்பின் தொடாமல் இருந்து, மைக்கின் பெயர், வாயிலிருந்து அதன் தூரம், காற்றின் நிலை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தால், அந்தத் தாலாட்டு எவ்வளவு மெல்லப் பாடப்பட்டது என்பதைக்கூட ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் வருபவர் கணக்கிட்டுச் சொல்ல முடியும். அந்த அரை நிமிடம் இல்லாத பதிவிலிருந்து பாட்டை மட்டுமே கேட்க முடியும். அதன் அளவை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.